மூட்டுக்கு ஓர் ஊசி

அக்கா,

இன்று காலை ஆய்வுகூடத்தைக் கூட்ட வரும் அம்மாவிடமிருந்து கோடாலித் தைல வாசம் வந்தது. முழங்காலில் தேய்த்திருந்தார். நான் கையுறை மாட்டி வேலையைத் தொடங்கிய பிறகும் அது போகவில்லை. 

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வரிசை வீட்டில் உன் பக்கத்தில் வந்தாலே இந்த வாசம்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய் என்னைப் படிக்க வைத்தவள் நீ. முதுகில் பாரத்தோடு மலைச்சரிவில் ஏறி இறங்கியே மூட்டுத் தேய்ந்தது. வயதாகும் முன்பே படியில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு காலாக இறங்கினாய்.

போன தீபாவளிக்கு நான் வந்தபோது இஞ்சி இடித்தபடி கேட்டாய்: "அங்க என்னதான்டா செய்ற?"

"மூட்டுத் தேஞ்சவங்க குருத்தெலும்புல ஆர்.என்.ஏ-ன்னு ஒண்ணு பாக்குறோம்க்கா. அதுல ஒரு வகை, தானா எந்தப் புரதமும் செய்யாது. ஆனா எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும்னு கட்டுப்படுத்தும். குருத்தெலும்பக் காப்பாத்துற ஒண்ணு, மூட்டுத் தேஞ்சவங்களுக்குக் கொறஞ்சு போகுது."

"கங்காணி மாதிரின்னு சொல்லு. கொழுந்து எடுக்காது, எடுக்கிறவங்கள வெரட்டும்."

இருவரும் சிரித்தோம்.

"கொறஞ்சத ஊசியில போட்டா நல்லாயிருமா?"

"அப்படித்தான் நெனைக்கிறோம். ஆனா வர ரொம்ப வருசம் ஆகும்க்கா."

"அப்ப அது எனக்கில்ல" என்று தேத்தண்ணியை நீட்டினாய்.

அடுத்த பெருமழையில் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி உன் கையைப் பிடித்து இழுத்தாளாம். ஈரப்படியில் உன் முழங்கால் மடங்கவில்லை. "புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடு, நான் மெதுவா வாறேன்" என்றாயாம். அவள் கீழே போய்த் திரும்பிப் பார்த்தபோது மண் சரிந்து அந்தப் படியே இல்லை. உன்னைத் தோண்டி எடுத்தவர்கள் உன் முகத்தை என்னைப் பார்க்க விடவில்லை.

திரும்ப வேலைக்கு வந்துவிட்டேன். முன்பெல்லாம் ஒருவரின் குருத்தெலும்பு மாதிரியில் அந்த ஆர்.என்.ஏ குறைவாக இருந்தால் மகிழ்வேன். எங்கள் கணிப்பு சரி என்று. இப்போது யாரோ ஒருவர் படியில் இறங்க முடியாமல் நிற்பதுபோல் இருக்கிறது. எங்கள் கட்டுரை வெளிவரும். அதன் பிறகு இன்னொன்று. ஊசி மட்டும் எங்கோ தூரத்தில்.

உன் காரியத்தன்று செல்வி முழங்காலைப் பிடித்தபடி வந்து நின்றாள். "அண்ணே, நீங்க மூட்டுக்கு ஊசி செய்றீங்களாமே? அக்கா லயம் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. தம்பி கொண்டாந்துருவான், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு. எப்பண்ணே வரும்?"

உனக்கில்லை என்று நீயே தள்ளிய ஊசி வரும் என்று மற்ற எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாய். நாங்கள் அதைச் செய்து முடிப்பதற்குள் செல்வியின் மூட்டும் தேய்ந்து முடிந்திருக்கும்.  "பாப்போம்மா" என்றேன்.

அவள் அதை நம்பிக்கொண்டு போனாள். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவள் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான், அக்கா. அதோடுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.