மல்லாவி லைன் அன்று விழவில்லை

முகம் பாராத என் நேசனுக்கு,

மல்லாவியில் உனது மாத நினைவுப் பூசை முடிந்துவிட்டதாம். வர நினைத்தேன், பாஸ் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப் போவதுமில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். செத்தவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை உனக்கு இருந்தது, எனக்கு இல்லை. மற்றவர்கள் கேட்கட்டும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன். ரேடியோ செற்றில் நாங்கள் கதைத்ததும் அப்படித்தானே? நீயும் நானும் கதைப்போம், பாதி வன்னி காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நேசன் மல்லாவியில், நான் வவுனியாவில், நடுவில் ஆமியின் சோதனைச் சாவடி; பாஸ் இல்லாமல் ஆளும் அனுமதி இல்லாமல் சாமானும் அதைத் தாண்ட முடியாது. இரண்டு பேரும் ஒரே நிவாரண அலுவலகத்தின் இரண்டு கிளைகளில் ஒரே வேலை செய்தோம். அலுவலகத்துக் கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கு ஸ்விச் என்று பெயர். அங்கிருந்து செய்மதித் தொலைபேசி வழியாக மற்றக் கிளைக்குப் பாதை திறக்கும் பெட்டி ரவுட்டர். அவை விழாமல் பார்ப்பது எங்கள் வேலை, விழுந்தால் எழுப்புவதும் எங்கள் வேலை. இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஒரு தடவையும் நேரில் கண்டதில்லை.

முதல் சண்டை நினைவிருக்கிறதா? உன் பக்கத்து ஸ்விச்சில் எல்லா லைட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னியது, ஒரு கொம்பியூட்டரும் மற்றதோடு பேசவில்லை. இரண்டு நாள் செற்றில் உன்னைக் கேள்வி கேட்டே கொன்றேன். கடைசியில், ஏதாவது கேபிள் சும்மா கிடக்கிறதா என்று கேட்டேன்.

"சும்மா ஒண்டும் கிடக்கேல்லை. ஒரு கேபிள் தொங்கிக்கொண்டு கிடந்தது. எலி கடிச்சிடும் எண்டு நுனியை மற்ற ஓட்டைக்குள்ளை செருகிவிட்டனான். ஓவர்."

"அதின்ரை மற்ற நுனி எங்கை?"

"அதுவும் உந்தப் பெட்டியிலைதான்."

ஒரு கேபிளின் இரண்டு நுனியையும் ஒரே பெட்டியில் செருகினால், உள்ளே போனது வெளியே வராமல் சுற்றிச் சுற்றிப் பெருகிப் பெட்டியை மூச்சுத் திணற வைக்கும். கொழும்பில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். எனக்கு வந்த கோபத்தில் "உம்மை ஆர் உந்த வேலைக்கு எடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். நீ நிதானமாகப் பதில் சொன்னாய்: "ஒரு முழம் கேபிள் உள்ளுக்கு வர எத்தினை மாதம் செல்லும் எண்டு உமக்குத் தெரியுமோ? நீர் எலிக்கு விளங்கப்படுத்தும், நான் கழட்டிவிடுறன்." செற்றில் கேட்டுக்கொண்டிருந்த யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் 'நீர்' போய் 'நீ' வந்தது, 'மச்சான்' வந்தது.

உனக்குப் புடையன் பாம்பு கடித்த அன்று நான் கொழும்பில், சாமான் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன்னைப் புதைத்தாகிவிட்டது. ஜெனரேற்றர் கொட்டிலுக்குள் கடித்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து முடிந்திருந்தது என்றார்கள். மருந்து கேட்டு நீ செய்தி அனுப்பப் பார்த்தாயாம், லைன் விழுந்து கிடந்ததாம், செய்தி வரவேயில்லையாம். அப்படித்தான் எங்கள் பொறுப்பாளர் எல்லோருக்கும் சொன்னார். ஏன் செற்றில் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் விதி தெரியும். மருந்து கேட்பதென்றால் எழுத்தில் வர வேண்டும், வாயால் சொன்னது செல்லாது.

பழுதான பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டி வா என்று என்னை உள்ளுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடமாக நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அனுமதி அந்தப் புதிய பெட்டிக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. எனக்குப் பாஸும் கிடைத்தது. நீ செத்த பிறகுதான் உன் அலுவலகத்துக்கு நான் வர முடிந்தது. இதை எங்கே போய்ச் சொல்வது?

உன் முகத்தை அன்றுதான் கண்டேன், சுவரில், மாலைக்குள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மெலிந்தவன் நீ.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். கிளிப் முறிந்த கேபிள் நுனிகளை வலை பின்னுகிற நைலோன் நூலால் இறுக்கி முடிந்து வைத்திருந்தாய். கடலோரக் கொக்கிளாயில் பிறந்தவனின் முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மின்சாரம் சரி. நீ ஓட்டை என்ற எட்டுப் போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன், எல்லாம் எழும்பின. ரவுட்டரை நிறுத்தி மறுபடி ஏற்றினேன். அது தொலைபேசியை எடுத்தது, பாதையைத் திறந்தது, வவுனியாவைக் கூப்பிட்டது. வவுனியா பதில் சொன்னது. சூட்டில் விழுகிறதோ என்று பின்னேரம் வரை ஓடவிட்டேன். விழவில்லை.

மச்சான், நான் ஒரு பிழையைத் தேடி அலைந்தேன். ஒரே ஒரு பழுதான போர்ட், தளர்ந்த ஒரு நுனி கிடைத்தால் போதும் என்றிருந்தது. உன்னைக் கொன்றது ஒரு பெட்டி என்றால் அந்தப் பெட்டியை உடைத்துவிட்டு வந்திருப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். உன் கை பட்ட இடத்தில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை.

ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டுவந்தா. உன் மனைவி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவடியில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா.

"பழுதைக் கண்டுபிடிச்சிட்டியளோ அண்ணை?"

"இன்னும் இல்லை."

"இவர் செய்தி அனுப்பேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். கால் உரல் மாதிரி வீங்கிட்டுது. வேறை ஒருத்தருக்கும் லைன் எழுப்பத் தெரியாது எண்டு, ஆஸ்பத்திரியிலையிருந்து தன்னை இஞ்சை தூக்கிவரச் சொன்னவர். பொத்தானை அமத்திப்போட்டு 'செய்தி போயிட்டுது' எண்டவர். பிறகு பாத்தால் போகேல்லையாம். நோவிலை என்னத்தைப் பிழையா அமத்தினாரோ." தேத்தண்ணியைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்தா. "எனக்கு அவரிலைதான் கோவம் அண்ணை. ராப்பகலா உந்தப் பெட்டியோடை கிடந்த மனுசன். தனக்கெண்டு வரேக்கை பிழைவிட்டிட்டார்."

"நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

பழைய பெட்டியை அது இருந்த இடத்திலேயே விட்டேன். புதியதைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். சாவடியில், கொண்டுபோன சாமானை ஏன் திருப்பிக் கொண்டுவருகிறாய் என்று கேட்டார்கள். தேவைப்படவில்லை என்றேன்.

வவுனியாவில் வரும் செய்திகளை எடுப்பவர் நசீர் நானா, உனக்குக் குரலில் தெரியும். நேரே அவரிடம் போனேன்.

"நானா, நேசன் செத்த அண்டைக்கு மல்லாவியிலையிருந்து ஏதும் வந்ததோ?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வந்திச்சு தம்பி. காலைத் தேத்தண்ணி ஆறமுந்தி வந்திச்சு. நான்தான் எடுத்துக்கொண்டு போய் பொறுப்பாளர்ட மேசையில வச்சன். என் கண்ணுக்கு முன்னால வாசிச்சார்."

"பிறகு?"

"ஒரு நோயாளிதானே, இதுக்கெண்டு தனியா அனுமதி கேட்டு ஆமிக்காரங்களை எரிச்சல் படுத்த ஏலாது, நாளைக்குப் போற சாமானோட சேத்துக் கேப்பம் எண்டார்."

"நேசன் எண்டு தெரிஞ்சுமோ?"

"பேர் இருந்தாத்தானே தம்பி தெரியும்?"

பெயர் இல்லை. ஒரு நோயாளி, ஆண், புடையன் கடி, மருந்து கையிருப்பில் இல்லை, அவசரம். அவ்வளவுதான் எழுதியிருந்தாய். லைனிலும் செற்றிலும் ஆட்களின் பெயர் போகக் கூடாது என்ற விதியை இரண்டு வருடம் நீயும் நானும் பிசகாமல் காத்தோம். உரல் போல் வீங்கிய காலோடு, உன்னுடைய உயிருக்கே மருந்து கேட்கும்போதும் அதைக் காத்தாய். ஏனடா? அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் நசீர் நானா கத்தியிருப்பார், மேசையில் வைத்துவிட்டு வந்திருக்க மாட்டார். லொறிச் சாரதி சாவடியில் விழுந்து படுத்தாவது மருந்தை அனுப்பியிருப்பான்.

இப்படி எழுதிவிட்டு எனக்கே கூசுகிறது. நேசன் என்றால் ஓடியிருப்பார்களாம், பெயரில்லாத ஒரு ஆண் என்றால் நாளைக்குப் பார்ப்பார்களாம். உனக்கு முதல் எத்தனை பெயரில்லாதவர்களை நாங்கள் இந்த லைனில் அனுப்பியிருப்போம்? லைட் பச்சையாக எரிகிறது, எங்கள் வேலை முடிந்தது என்று எழுந்து போனோமே. போனதற்கு அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

புதிய பெட்டியைக் கொண்டுபோய்ப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன்.

"மல்லாவியிலை ஒண்டும் பழுதில்லை. லைன் அண்டைக்கு விழேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் பெரிய துக்கம். "தம்பி, இதைக் கிளறாதையும். அவன் எண்டு தெரிஞ்சிருந்தால் நான் விட்டிருப்பனோ? இப்ப உண்மை வெளியிலை போனால் உள்ளுக்குப் போற எல்லாச் சாமானும் நிண்டிடும். லைன் விழுந்தது எண்டே இருக்கட்டும். அதாலை ஒருத்தருக்கும் நட்டமில்லை."

"நேசனுக்கு?"

"அவன் செத்துப்போனான் தம்பி."

அடுத்த நாள் காலைச் செற்றில் மல்லாவியைக் கூப்பிட்டு, பின்னேரம் ஜெசிந்தாவைக் கூட்டிவரச் சொன்னேன். அவா வந்தா. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. விதியை மீறி உன் முழுப் பெயரையும் சொன்னேன். மரியநேசன் அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது, லைன் நன்றாக இருந்தது, பெட்டி நன்றாக இருந்தது, அவன் எதையும் பிழையாக அமத்தவில்லை என்றேன். இங்கே வாசித்துவிட்டு நாளைக்கு என்று வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

மறுமுனையில் அவா பொத்தானை அமத்தினா.

"அப்ப பிழை அவரிலை இல்லையோ அண்ணை? ஓவர்."

"இல்லை."

"மெஷினிலையும் இல்லை?"

"இல்லை."

"மெஷின் எண்டால் ஒருநாள் மறந்திருப்பன். இனி நான் ஆரை நோகிறது? ஓவர்."

பேச்சு முடிந்ததும் 'ஓவர்' சொல்ல அவாவுக்குப் பழக்கியது நீயாகத்தான் இருக்க வேண்டும். இனி என் முறை. நான் பேச வேண்டும். பொத்தானை அமத்தியபடி இருந்தேன். உன் மேலிருந்த கோபம் ஒன்றுதான் அவாவிடம் மிச்சமிருந்தது. அதையும் எடுத்துவிட்டு, பதிலுக்குக் கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டேன். நல்லது செய்தேனா? தெரியவில்லை மச்சான்.

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அலுவலகம் இல்லாதவனுக்குப் பாஸ் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? பூசைக்கு வராததற்குக் காரணம் அதுதான். பொறுப்பாளர் பயந்த மாதிரி சாமான் ஒன்றும் நிற்கவில்லை. லொறிகள் வழக்கம்போலப் போகின்றன. ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்கவில்லை, நேசன்.

உனக்கு ஒரு வாக்குத் தர முடியும், வேறொன்றும் என் கையில் இல்லை. உன் பெயர் வருகிற இடமெல்லாம் நான் கூடவே வருவேன். அன்று லைன் விழுந்தது என்று எவர் சொன்னாலும், எந்த ஊரில் சொன்னாலும், எழுந்து நின்று இல்லை என்பேன். உன் செய்தி வந்து சேர்ந்தது என்பேன். அதனால் யாருக்கும் ஆறுதல் வராது. இருந்தாலும் சொல்வேன்.

உன் மச்சான்,
ஜெசிந்தாவுக்கு அண்ணை,
ரகு