போறேனா, போயிட்டு வரேனா

ஹேயின் அப்பாவுக்கு,

சியோலில் குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் கனத்த கோட்டு இங்கேதான் தொங்குகிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

நான் எழுதும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கிறீர்களா, தெரியாது. போன வாரம் அதில் வரும் விமானி விண்கப்பலை விட்டு வெளியேறினான். கதவு மூடும் சத்தத்தில் அவன் கடைசி வார்த்தை அமுங்கிப்போனது. "போறேன்" என்றானா, "போயிட்டு வரேன்" என்றானா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகி அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்சி வசூல் பண்ணி, பெரிய திரை கட்டிய லாரியைத் தொலைக்காட்சி நிலைய வாசலில் நிறுத்திவிட்டது. அதில் நாளெல்லாம் இதே வரிதான் ஓடுகிறது: "போயிட்டு வரேன்னுதான் சொன்னார். எழுத்தாளரம்மா, காதைக் குடைஞ்சிட்டுக் கேளுங்க."

இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க எழுதின வசனம் உங்களுக்கே தெரியாதா? நாளைக்குக் கடைசிக் காட்சி எடுக்கணும். ஆள் வரானா இல்லையா?"

நான் வசனமே எழுதவில்லை. "கதவுச் சத்தம்" என்று மட்டும் எழுதி, நடிகரை வாயசைக்கச் சொன்னேன்.

லாரிக்கு வசூல் பண்ணியவர்களில் நம் மகளும் ஒருத்தி. தெரிந்ததும் கத்திவிட்டேன். கிம்ச்சிக் கிண்ணத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "அவர் சொன்னார்மா. அப்பா கிளம்பினப்போ நீ அரிசி கழுவிட்டிருந்தே. நான் வாசல்ல நின்னேன், எனக்குக் கேட்டுச்சு."

அவனைத் திரும்பி வரவைத்தே காட்சியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளை நீங்கள் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்று குழாயை மூடாமல் நின்றவள்