உதவிப் பொத்தான்

படூர்

அன்புள்ள அப்பாவுக்கு, ரெஜினா எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

எங்கள் அலுவலகத்தில் செய்யும் மீனவர்களுக்கான செயலியில், ஆபத்தில் அழுத்த வேண்டிய 'உதவி' பொத்தானை நான் பெரிதாக வைத்தால், மேலாளர் தேசிகன் அழகு கெடுகிறதென்று சுருக்கி, 'ரத்து' பொத்தானோடு ஒட்டிவிடுகிறார். எரிச்சலில் முந்தாநாள் அவரைச் சதுரங்கப்பட்டினம் கூட்டிப்போனேன். படகுக்காரர் ஏழுமலை ஈரக்கையால் அழுத்திப் பார்த்தார். நான்கு முறையும் விரல் 'ரத்து' மேல்தான் விழுந்தது.

"இன்னா சார், உசுரு போற நேரத்துல இத்தத் தேடிகினு இருப்பமா?" என்றார்.

தேசிகன் தலையாட்டினார். நேற்று காலை பார்த்தால், மறுபடியும் ஒட்டியே வைத்திருக்கிறார். அந்தத் திரைக்கு ஒப்புதல் தர முடியாதென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகாது, பயப்படாதீர்கள்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள், சின்ன பாட்டில் போதும். அறையில் கூட இருந்த பெண் வேலை மாறிப் போய்விட்டாள்.

சிறுசேரிக்குப் போகும் அலுவலக வண்டி வந்துவிட்டது.

ரெஜினா