இறால் பணியாரம்

சைகோன், 1952, வெள்ளி இரவு.

மாலையில் சந்தையில் ஒருத்தி குழிச்சட்டியில் இறால் வைத்துப் பணியாரம் சுட்டாள். தலையில் முக்காடு. கீழக்கரைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? இந்த ஊர் முஸ்லிம் பெண் என்று நம்பித் தின்றேன். என்னை இங்கே கூட்டிவந்த துணிக்கடை மாமாவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

"நம்மாளுக கையிலதான வாங்குன?"

"ஆமா மாமா."

ஒன்று விடாமல் தின்றார்.

மஃரிப் தொழுதுவிட்டு அந்த வழியே வந்தேன். வெயில் இறங்கியதும் அவள், வெயிலுக்காகப் போட்டிருந்த முக்காட்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டியில் போட, தோலோடு பன்றிக் கொழுப்பை நறுக்கி வைத்திருந்தாள்.

மாமா பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறார். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். இப்போது அவரே பேசுகிறார்.

"ஏலே, நாளைக்கு இமாமை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். அந்தப் பணியாரத்தையே வாங்கிட்டு வா."