பானட்டில் நிற்காத துளி

பொழிச்சலூர்,
ஞாயிறு மாலை

என் கண்ணு முதாசிருக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, நான், உன் தங்கை ரூக்சார் மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாகவே இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் என் துஆ. என் கையெழுத்து உனக்குத் தெரியும், எழுதி முடித்த பிறகு எனக்கே படிக்க வராது, அதனால் நான் சொல்லச் சொல்ல ரூக்சார் எழுதுகிறாள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாலும் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத்தான் வராது. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், பக்கத்தில் அத்தா உட்கார்ந்திருப்பார். இது அவர் பக்கத்தில் இல்லாமல் சொல்லவேண்டிய சங்கதி. உன் ரூமில் இருக்கும் ஷாகுல் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கறி மசாலாவும் கொடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் இருக்கும்போதே அத்தா கார் மேல் தண்ணி ஊற்றிப் பார்த்து, பெயிண்ட் மேல் பூசின செராமிக் கோட்டிங் அப்படியே இருக்கிறது, துளி முத்து முத்தாக நிற்கிறது என்று உனக்குச் சொன்னார் இல்லையா. அது சரியில்லை கண்ணு. அவர் பொய்யும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. கோட்டிங் போட்ட பல்லாவரம் கடைக்காரன் உனக்குப் போன் பண்ணி, எல்லாம் போயிருக்கும், முழுசாக மறுபடி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், நிஜமாகவே போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ கேட்டாய். அத்தாவுக்கு அன்றைக்கே காய்ச்சல் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நீ விட்டுப்போன காரை அவர் எப்படி வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும், ஏர்போர்ட் கார்கோ வேன் ஓட்டிய காலத்தில்கூட வண்டியை அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆவுக்குத் தான் குளிப்பதற்கு முன்னால் காரைக் குளிப்பாட்டிவிடுவார், அதே ஈரத்தோடு வெயிலில் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். மாடியிலிருந்து ஞானாம்பாள் மாமி, பாய், நீங்க அதைக் குளிப்பாட்டற நேரத்துக்கு ஓட்டியிருந்தா இந்நேரம் திருச்சி போயிருக்கலாம் என்று கிண்டல் பண்ணுவார். அத்தாவும் விடமாட்டார், திருச்சியில இவ்ளோ சுத்தமா யாரு மாமி குளிப்பாட்டுவா என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி பிள்ளை ஸ்ரீவத்சன் கீழே இறங்கி வந்தான். சிறுசேரியில் வேலை பார்க்கிறானே, அவன் காருக்கும் இதே கோட்டிங்தான் போட்டிருக்கிறான். சும்மா தண்ணி ஊற்றிப் பார்த்துவிட்டுப் போச்சு என்றோ இருக்கு என்றோ சொல்லக்கூடாது, மேலே அழுக்கும் உப்பும் படிந்திருந்தால் கோட்டிங் உயிரோடு இருந்தாலும் துளி நிற்காது, முதலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவி நல்ல தண்ணியில் அலசிவிட்டுத்தான் பார்க்கவேண்டும், அதுவும் ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் கதவு, டாப், பானட், டிக்கி என்று தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்றான். நம் போர் தண்ணியைத்தான் உனக்குத் தெரியுமே, வாளியில் ஊற்றிவைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாக வட்டம் கட்டும். அந்தத் தண்ணிதான் வாராவாரம் வெயிலில் காய்ந்து கார் முழுக்கப் படிந்திருக்கிறது. ஸ்ரீவத்சன் உப்புக் கறை எடுக்கிற ஏதோ ஒரு மருந்தைக் கொண்டுவந்து பின்கதவில் மட்டும் துடைத்தான், அலசியதும் அந்தக் கதவில் தண்ணி குண்டு குண்டாக நின்று ஓடி விழுந்ததாம். அப்புறம் எல்லாப் பக்கமும் துடைத்துவிட்டு லாரியில் வந்த நல்ல தண்ணியை ரூக்சார் மக்கில் எடுத்து எடுத்து ஊற்ற, அத்தா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு உனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கதவுல நிக்குதுடா, டாப்புல நிக்குதுடா, பானட்டுல முத்து மாதிரி நிக்குதுடா என்று. ஸ்ரீவத்சன் சிரித்துக்கொண்டே, அங்கிள் பிள்ளைகிட்ட நல்லா வெயிட் போடறார் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். பெரியவர் கடைக்காரன் மேல் இருக்கிற வீம்பில் வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்திருக்கிறான்.

ரூக்சார் மக்கைக் கொண்டுவந்து சமையல்கட்டில் வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் நின்றாள். என்னடி என்றேன். எப்போதும்போல ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள் என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள்:

"அம்மா, பானட்டுல ஒரு துளிகூட நிக்கலம்மா. பாய் விரிச்ச மாதிரி படுத்துகினு இருந்துச்சு. டாப்புலயும் அப்படித்தான். அத்தாவுக்கு அது தெரியல."

இந்த இடத்தை எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், அத்தாவைப் பற்றிக் கோள் சொன்ன மாதிரி இருக்கிறதாம். நீ சொன்னதால்தான் அன்றைக்கு ஒரு ஆபத்து விலகியது, எழுது என்று நான்தான் அதட்டினேன். ஏனென்றால் மறுநாள் விடியற்காலை ஞானாம்பாள் மாமியைத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுகிறேன் என்று அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். இருட்டோடு கிளம்பவேண்டும். வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார், அதுல என்ன கீது, எல்லாம் விளம்பரம் என்பார். வெள்ளிக்கிழமை சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது பம்மல் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்த ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிரேக் போட்டார், போட்டுவிட்டு ஆட்டோக்காரனைத் திட்டினார். வண்டியே தெரியாமல் வந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தோன்றும், ஆயுசில் ஒரு கீறல் போடாத டிரைவர்.

அவரிடம் எப்படிச் சொல்வது. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்றால் எகிறிக் குதிப்பார், நீ கார் ஓட்டுவியா எனக்குச் சொல்ல வந்துட்ட என்பார். பொம்பளைங்க பயம் என்று மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தவரை நானே காருக்குக் கூப்பிட்டேன். ஒரு செம்புத் தண்ணியைப் பானட்டில் ஊற்றினேன். துளி நிக்குதா என்று கேட்டேன். சுத்தி எவ்ளோ நிக்குது, உனக்குத் தெரியலையா என்றார். எனக்கு ஒன்றைத் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டேதான் விரலை வைத்தார். விரல் தண்ணியில் வழுக்கிக்கொண்டு போனது, வேறு இடத்தில் வைத்தார், அங்கேயும் அப்படியே. அப்புறம் உள்ளங்கையை விரித்து வைத்து மெதுவாகத் தடவினார். முதாசிர், அந்தச் சிரிப்பு அவர் முகத்தைவிட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்க்காமல் உள்ளே போயிருக்கலாம் என்று தோன்றியது. மேலே ஒரு பிளேன் தாழ்ந்து போனது, அந்தச் சத்தம் அடங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"கோட்டிங் போட்டு வந்த அன்னிக்கு எப்படி நின்னுச்சோ அதத்தான் சொன்னேன் அஜீசா. அவன் கேட்டா வேற இன்னா சொல்றது."

கொஞ்ச நாளாகவே கண்ணில் புகை போட்ட மாதிரி இருக்கிறதாம். எதிரில் வருகிற வண்டி லைட் எல்லாம் பூ மாதிரி விரிந்து தெரிகிறதாம். சொன்னால் காரை நிறுத்திவிடுவோம் என்று சொல்லவில்லை. பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறான், முதலில் காரைத்தான் கேட்கிறான், அது நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு வேலை இருக்கிறதே என்றார். நான் முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டேன்.

மாமியிடம் நான் போய்ச் சொல்கிறேன், பேட்டரி சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று அவரே மாடி ஏறிப் போனார். மாமி, எனக்குக் கண்ணு சரியில்ல, நாளைக்கு நான் ஓட்டல, ஸ்ரீவத்சனை வரச் சொல்லுங்க என்று வாசலில் நின்றபடியே சொன்னார். அதற்கு மாமி, நான் உங்க கார்ல ஏறினாலே கண்ணை மூடிண்டு ஸ்லோகம் சொல்ல ஆரம்பிச்சுடுவேன் பாய், அப்போ இத்தனை நாளும் நாம ரெண்டு பேருமே பார்க்காமதான் போயிருக்கோமா என்று கேட்டாரே பார்க்கலாம். அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், பஸ்ஸில்தான். கண்புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது, இடதில் ஆரம்பித்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் பளிச்சென்று தெரியும், இன்னும் விட்டிருந்தால்தான் கஷ்டம் என்று டாக்டர் அம்மா நல்லவிதமாகச் சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார், முதாசிருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான், புதுக் கம்பெனி, லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்றார். சரி என்று அவரிடம் தலையாட்டிவிட்டுத்தான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் உடம்பில் கத்தி படும் அன்றைக்கு நீ அங்கே ஒன்றும் தெரியாமல் துஆ செய்யாமல் இருப்பதை என்னால் தாங்கமுடியவில்லை. நீ வரவேண்டாம், துஆ செய், போதும்.

கார் விஷயம், மறந்துவிடப்போகிறேன். கதவுகளிலும் டிக்கியிலும் கோட்டிங் நன்றாக இருக்கிறது, உப்பை எடுத்ததும் கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயில் நேராக விழுகிற பானட்டிலும் டாப்பிலும்தான் போய்விட்டது. அதனால் கடைக்காரன் சொல்கிறமாதிரி முழுசாகப் போடத் தேவையில்லை, பார்க்காமலே சொல்கிறவன் பேச்சை நம்பாதே, அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்று ஸ்ரீவத்சனும் சொன்னான். இனிமேல் போர் தண்ணியில் கழுவினால் உடனே துடைத்துவிடுவதாக ரூக்சார் பொறுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இதுவரை எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தா பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்துவிட்டார். ரூக்சார் காகிதத்தைத் தைக்கிற துணிக்கு அடியில் தள்ளப் பார்த்தாள், அவருக்கு அது தெரிந்திருக்காது, ஆனால் சத்தம் கேட்டுவிட்டது. என்ன எழுதுறீங்க என்றார். காரைப் பற்றி என்றேன். அப்போ படி, நானும் கேக்குறேன் என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் ரூக்சாருக்குக் கண்ணைக் காட்டினேன், வேறு ஏதாவது படி என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முதல் வரியிலிருந்து ஒன்றையும் விடாமல், பாய் விரித்த மாதிரி என்று அவளே சொன்னதையும் விடாமல், படித்தாள். அவள் குரலை நான் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலக் கேட்டதே இல்லை. நிபந்தனை வந்த இடத்தில் அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். முடித்ததும் என்னைத் திட்டப்போகிறார் என்று இருந்தேன். அவர் ரூக்சாரைப் பார்த்துத்தான் பேசினார்:

"எல்லாம் சரியாத்தான் எழுதிகீற. இன்னும் ஒண்ணு போடு. பானட்டுக்கும் டாப்புக்கும் இப்போ கோட்டிங் வேணாம், கண்ணுக் கட்டுப் பிரிச்சதும் நானே பாத்து அவனுக்குச் சொல்றேன்னு போடு."

போட்டுவிட்டாள் கண்ணு. அதனால் இனிமேல் உனக்குத் தெரியாதது மாதிரி நடிக்கவேண்டியதில்லை, கடிதம் கிடைத்ததுமே போன் பண்ணு, கண்ணைப் பற்றியே கேள், காரை அப்புறம் கேட்கலாம். வெயிலில் வேலை முடித்து வந்ததும் குளிர்ந்த தண்ணியை மடக் மடக் என்று குடிக்காதே. கறி மசாலா ஈரக் கை படாமல் எடு, ஷாகுலுக்கும் பாதி கொடு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன், அங்கே உனக்கு எட்டரை, அந்த நேரம் அத்தாவை நினைத்துக்கொள். அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நெஞ்சில் நிம்மதியோடு வைத்திருப்பானாக, ஆமீன்.

உன் அம்மா,
அஜீசா

கீழே கையெழுத்துப் போட்டிருப்பது உன் அத்தா அப்துல் ரசாக். நானும் போடுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். ரூக்சார் அவர் விரலைப் பிடித்து வரியைக் காட்டினாள், இருந்தும் கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறியிருக்கிறது. திருத்தவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.