பெங்களூரில் நான் மாற்றிச் சொன்ன பதில்

என் அருமை அண்ணா,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு வலி குறைந்ததா, இல்லையா?

பர்கூரில் கல் உடைக்கப் போன இடத்தில் உன் இடுப்பு பிடித்துக்கொண்டது. கால்வரை இழுக்கிறது என்று மாசக்கணக்கில் படுத்துவிட்டாய். பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டருக்குக் கன்னடம், உனக்குத் தமிழும் தெலுங்கும். ஓசூரில் பாடம் சொல்லித்தரும் எனக்குக் கன்னடமும் தெரியும் என்பதால், நடுவில் நின்று மொழி மாற்றிச் சொன்னேன். இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்து முதுகுத்தண்டின் அடியில் வைப்பார்களாம். ஆடுகிற இரண்டு எலும்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடுமாம். இன்னும் செய்து பார்த்துத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவரே சொன்னார்.

"எலும்பு என்ன முருங்கைக் கொம்பா, வெட்டி வச்சா புடிக்கிறதுக்கு?" என்றாய். பிறகு, நீ சரியென்றால் சரி என்றாய். நான் சரியென்றேன்.

பிடித்தது. மாவுக்கட்டோடு நாலு மாசம் மல்லாந்து கிடந்தாய். எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தது. வலி போய்விட்டதா என்று கேட்டார்.

"இருக்குது பாப்பா. ஆனா போயிடுச்சுன்னு சொல்லு. மனுசன் எவ்வளவு பாடுபட்டிருக்காரு."

நீ சொல்லச் சொன்னபடியே சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஊருக்கு வந்து நடந்தாய். ராயக்கோட்டைச் சந்தைக்குக்கூடப் போனாய். ஆனால் உட்காரும்போது பல்லைக் கடித்தாய். வலி இல்லாதவன் பல்லைக் கடிப்பானா? இருக்கிறவன் அவ்வளவு தூரம் நடப்பானா? போன வருஷம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. யாரிடம் கேட்பேன்?

இப்போது உன் மாப்பிள்ளைக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், அதே இடத்தில் வலி. அதே டாக்டரிடம் போனோம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உன் அண்ணனுக்குத்தான் சுத்தமாகக் குணமானதே, தைரியமாக இரு" என்றார். உன்னைச் சொல்லித்தான் இன்னும் சிலரைச் சம்மதிக்க வைத்தாராம். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பழைய நோட்டைத் தேடி எடுத்து அந்த வரியை அடித்தார். பேனாவை மூடாமலே கேட்டார்: "எவ்வளவு வலி? முன்னைவிடக் குறைவா?"

எனக்குத் தெரியவில்லை அண்ணா. நான் உன்னைக் கேட்கவே இல்லையே. கேட்டால், நான் சரியென்று சொன்னது தப்பாகிவிடுமோ என்று பயந்தேன். அவர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்.

உன் மாப்பிள்ளை இன்னும் முடிவெடுக்கவில்லை. எப்படி முடிவெடுத்தாலும் வலி எப்படி இருக்கிறது என்று தினம் அவரைக் கேட்பேன். அவர் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் டாக்டரிடம் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
பாப்பா