டிக்டாக் நைட்டி

செப்டம்பர் 8, திங்கள்

காரமடைக் கடைக்காரம்மா சாமியாத்தாள் போன் செய்தார். “ஏனுங்ணா, டிக்டாக் நைட்டி இருந்தா ஒரு கட்டு போட்டு உடுங்க. அம்மிணி சௌரியமுங்களா?”

“சௌரியந்தானுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மனைவி ஜோஸ்லின் இறந்து ஆறு மாதமாகிறது. தீபாவளிச் சரக்கு நேரம், நீட்டிப் பேச முடியாது. அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 10

“டிக்டாக்கைத் தடை பண்ணி அஞ்சு வருசமாச்சுப்பா. ரீல்ஸ் நைட்டின்னு மாத்துங்க” என்கிறான் மகன் ஜெப்ரி. யாவாரம் தெரியாதவன். காலையில்கூட டவுன் பஸ் படியில் நின்று போனில் எதையோ பிடித்த பெண்ணைப் பார்த்து, “மேல ஏறி டிக்டாக் பண்ணு கண்ணு” என்றார் கண்டக்டர். டிக்டாக் கடையை இழுத்து மூடியும் பெயர் ஓடுகிறது. எந்த முதலாளிக்கு வாய்க்கும்?

நைட்டிக்கு அந்தப் பெயர் வைத்தது ஜோஸ்லின். தோளில் போட்டுக்கொண்டு கல்லாப் பக்கம் நின்று வீடியோ எடுத்தாள். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பர் 13

அவள் குரல் எப்படி இருந்தது? பேசிய பேச்செல்லாம் நினைவிருக்கிறது. சத்தம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

அழுகையும் வரவில்லை. அடக்கத்துக்கு மறுநாளே கல்லாவில் உட்கார்ந்தவன்தானே.

செப்டம்பர் 14

அவள் போனை ஜூலையில் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டேன். நல்ல விலை கிடைத்தது. கல்யாண வீடியோவில் பேண்டு சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவள் டிக்டாக்கைத் தேடச் சொன்னேன். “இங்க திறக்காதுப்பா” என்றான் ஜெப்ரி.

ஊர் முழுக்க அந்தப் பேர்தான். உள்ளே போக வழியில்லை.

செப்டம்பர் 22

ஜோஸ்லின் வீடியோ ஏதும் இருக்கிறதா என்று சாமியாத்தாளிடம் போனில் மெல்லக் கேட்டேன். “அம்மிணி டிக்டாக்கக் காட்டித்தானுங்க நைட்டி விக்கிறதே. போன்லயே இருக்குதுங்க.”

நாளைக்குச் சரக்கை லாரியில் போடவில்லை. நானே எடுத்துப் போகிறேன்.

செப்டம்பர் 23

காரமடை.

“அம்மிணியக் கூட்டிட்டு வர்லீங்களா?”

“தவறிட்டாங்க. மார்ச்சுல.”

மடித்துக்கொண்டிருந்த நைட்டியை அப்படியே பிடித்தபடி நின்றார். “அன்னிக்குச் சௌரியம்னு சொன்னீங்களேங்ணா?”

“ஆமாங்க.”

போனை நீட்டினார். ஜோஸ்லின். தோளில் நைட்டி. சிரிக்கிறாள். வாய் அசைகிறது. வந்தது சினிமாப் பாட்டு. எவளோ பாடுகிறாள்.

“அவங்க பேசறது?” என்றேன்.

“டிக்டாக்னா பாட்டுக்கு வாயசைக்கறதுதானுங்க.”

இத்தனை வருசம் அந்தப் பேரச் சொல்லித்தான் வித்தேன். அது என்னன்னு ஒரு நாளாவது பாத்தனா? பக்கத்துலதான நின்னா —

செப்டம்பர் 24

லோடு இறங்கியது. பில் சரி.

நவம்பர் 3

நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். இன்று காலை, என்னைக் கேட்காமலே, சாமியாத்தாள் அனுப்பிய அம்மா வீடியோவைக் கடை டிவியில் ஓடவிட்டான் ஜெப்ரி. நான் பாட்டை மட்டும் அணைத்தேன்.

நைட்டி வாங்க வந்த பெண் டிவியையே பார்த்தபடி நின்றாள். “டிக்டாக்குங்களா? சத்தம் வைங்கண்ணா.”

“சத்தம் இல்லீங்க.”

“யாருங்க அவங்க?”

“என்ற ஊட்டுக்காரிங்க.”

“நல்லா சிரிக்கறாங்க” என்றாள்.

பில் போடப் பேனாவை எடுத்தேன். எழுத்து தெரியவில்லை. ஜெப்ரியைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் குடோனுக்குள் போய்விட்டேன்.